திருவண்ணாமலையில் நான் திறந்து பார்த்த போன்கள்

டாக்டர் கெட்ட சேதி சொன்னால் ஜனங்கள் அழுவார்கள். செல்போன் ரிப்பேர் கடையில் கெட்ட சேதி சொன்னால் அடுத்த கடைக்குப் போய் இன்னொரு தடவை கேட்பார்கள்.

எங்கள் கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. முன்பக்கம் ரஃபீக் பாய் கவர், சார்ஜர், டெம்பர் கிளாஸ், பட்டன் போன் விற்கிறார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் மேஜை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், கல்யாணம் ஆயிற்று, மாமியார் வீட்டு மிக்ஸியைச் சரி பண்ணிக் கொடுத்தேன், அக்கம்பக்கத்து மிக்ஸியெல்லாம் வர ஆரம்பித்தது, தப்பிக்க வழி தேடி இந்த மேஜைக்கு வந்து சேர்ந்தேன். வேலை என்னவோ ரிப்பேர்தான். ஆனால் பௌர்ணமி முடிந்த மறுநாள் மட்டும் ரிப்பேர் கம்மி, விசாரணை ஜாஸ்தி. கிரிவலக் கூட்டத்தில் யாரோ ஒருவன், பையைத் தொலைத்துவிட்டேன், ஊருக்குப் போகக் காசில்லை என்று சொல்லி, விலை உயர்ந்த போனை அடிமாட்டு விலைக்கு விற்றிருப்பான். வாங்கியவர் காலையில் என் முன்னால் நிற்பார்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது அப்படி ஒன்று வாங்கியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். நமக்கென்று தனியாக ஒரு சங்கம் ஆரம்பித்தால் உறுப்பினருக்குப் பஞ்சமே இருக்காது.

கனம்

லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தனபால் ஏமாறுகிற ஆள் இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். "போலின்னா லேசா இருக்கும்க்கா. நான் கையில வச்சு எடை பாத்துதான் வாங்கினேன். நம்ம தொழிலே எடைதானே" என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே கனமாக இருந்தது. சார்ஜர் சொருகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்க்ரூவைப் பார்த்தேன். ஒரிஜினலில் அந்த ஸ்க்ரூவின் தலை குட்டி நட்சத்திரம் மாதிரி இருக்கும். அதற்கென்றே தனி டிரைவர் வேண்டும். இதில் வீட்டு டார்ச் லைட்டில் இருக்கிற மாதிரி சாதாரண கூட்டல் குறி.

திறந்தேன். ஒரிஜினல் போனைத் திறந்தால் உள்ளே ஊசி நுழைய இடம் இருக்காது. மார்கழியில் தர்ம தரிசன வரிசை மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இங்கே ஒரு ஓரமாகச் சின்ன போர்டு, இன்னொரு ஓரமாக மெலிந்த பேட்டரி, நடுவில் இரும்புத் தகடு ஒன்றை டபுள் சைடு டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எந்த ஒயரும் அதற்குப் போகவில்லை. கனத்துக்காக மட்டும் வைத்தது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. தனபால் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சரிக்கா. அந்த இரும்ப மட்டும் எடுத்துக் குடுங்க. இதுல அதுதான் ஒரிஜினல்."

முகம்

ஏழுமலையும் அவர் மனைவி மல்லிகாவும் வந்தார்கள். ஏழுமலை கோபமாக இருந்தார். மல்லிகா அமைதியாக இருந்தாள், அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. "என் மூஞ்சிக்கு மட்டும்தான் தொறக்கும்னு சொல்லி வித்தான்க்கா. இவ மூஞ்சிக்கு எப்படித் தொறந்துச்சு? இவ ஏதோ பண்ணிட்டா. அது என்னன்னு கண்டுபிடிங்க" என்றார். ஒரிஜினலில் முகத்தைப் பார்க்கிற கருவி மூக்கின் உயரம், கண்ணின் பள்ளம் எல்லாம் அளந்து பார்த்துத்தான் திறக்கும். போலியில் அப்படி எதுவும் கிடையாது. வட்டமாக ஏதாவது வந்து நின்றால் கும்பிடு போட்டு உள்ளே விட்டுவிடும்.

பூட்டி என் முகத்துக்குக் காட்டினேன், திறந்தது. ரஃபீக் பாயைக் கூப்பிட்டேன். அவருடைய நீளமான தாடிக்கும் திறந்தது. சுவரில் ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த காலண்டரில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும், அதற்கும் திறந்தது. "இது போலிங்க, யாரும் எதுவும் பண்ணல" என்றேன். ஏழுமலையின் கோபம் போய் முகம் வேறு மாதிரி ஆனது. அப்போதுதான் மல்லிகா வாயைத் திறந்தாள். மாசா மாசம் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறேன் என்று கிளம்புவாராம். விடிந்ததும் வந்து கால் வலிக்கிறது என்று படுத்துக்கொள்வாராம். போனைத் திறந்தால் எல்லாப் பௌர்ணமிக்கும் பாண்டிச்சேரி கடற்கரைப் படம். கூட நாலு சிநேகிதர்கள், கையில் பாட்டில். "ஒவ்வொரு தடவையும் வெந்நி வச்சு, தைலம் தேச்சு விட்டேன்க்கா, இந்தக் காலுக்கு" என்றாள்.

ஏழுமலை தரையைப் பார்த்தபடி, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு பட்டன் போன் ஒன்று கொடுங்கள் என்று ரஃபீக் பாயிடம் மெதுவாகச் சொன்னார். மல்லிகா போனை என் மேஜையிலிருந்து எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"மாத்த வேணாம் பாய். டூப்ளிகேட்டா இருந்தாலும் பொய் சொல்லாத போனு."

தண்ணீர்

ஒரு மேஸ்திரி வந்தார். பெயர் கேட்கவில்லை, சட்டையில் சுண்ணாம்பு இருந்தது. மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், சொந்தக்காரர்கள் எல்லாம் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், தன் புது போனைத் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. குடிதண்ணீர் அண்டாவில் போட்டுக் காட்டிவிட்டார்.

ஒரிஜினலில் ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி ஒரு பசை ஓடும். சிம் தட்டில்கூட மெல்லிய வளையம் இருக்கும். இதில் சிம் தட்டே தொளதொளவென்று ஆடியது. கண்ணாடிக்குப் பின்னால் பாதி வரை தண்ணீர் நின்றது. நான் சாய்த்தால் அதுவும் சாய்ந்தது, நடுவில் ஒரு குமிழி, கட்டட வேலையில் மட்டம் பார்க்கிற ரசமட்டக் கட்டையில் ஓடுகிற மாதிரி அங்கும் இங்கும் ஓடியது. மேஸ்திரி அதைக் கையில் வாங்கி, என் மேஜை மேல் படுக்க வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்தார். "மேஜை கொஞ்சம் சரிவா இருக்குது மேடம்" என்றார். அப்புறம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாட்டர் ப்ரூஃப்னு அவன் சொன்னது நிஜம்தாங்க. உள்ள போன தண்ணி ஒரு சொட்டு வெளிய வரல பாருங்க."

பில்

கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலாக்கொட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கிறவர் கோவிந்தன். ஒரு நாள் மதியம், வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். துண்டில் சுற்றி வைத்திருந்த பெட்டியை வெளியே எடுத்தார். மகளுக்கு நிச்சயம் பண்ணப் போகிறார்களாம். பையன் வீட்டில் எதுவும் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, பையன் ஆசைப்படுகிறான் என்று இந்தப் போனை மட்டும் கேட்டிருக்கிறார்கள். கடையில் விலை கேட்டுவிட்டு இவர் திரும்பி வந்திருக்கிறார். தெரிந்தவன் ஒருவன் மெட்ராஸிலிருந்து பாதி விலைக்கு வாங்கி வந்து கொடுத்தானாம். "இது எப்படின்னு எனக்கே ஒரு சந்தேகம்மா. மாப்ள கண்டுபிடிச்சுடுவாரா?" என்றார்.

எந்த போனுக்கும் ஒரு நம்பர் உண்டு, மனுஷனுக்கு ஆதார் மாதிரி. போனில் ஸ்டார், ஹேஷ் எல்லாம் போட்டு அழுத்தினால் திரையில் வரும். பெட்டியிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். இதில் பெட்டியில் ஒன்று, போனில் ஒன்று. போனில் இருந்த நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டுப் பார்த்தால் அது வேறு மாடல், வேறு நிறம், வேறு யாருடையதோ. பில் எங்கே என்று கேட்டேன். பில் கொடுக்கவில்லை என்றார். "பில் இல்லாத பொருளை யார் நல்லதுன்னு சொன்னாலும் நம்பாதீங்கய்யா. நேர்ல போய் விசாரிச்சுட்டுத்தான் வாங்கணும்" என்றேன். எல்லாரிடமும் சொல்கிறதுதான். அவர் அதை வேதவாக்கு மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கொஞ்ச நாள் கழித்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் ரஃபீக் பாயிடம் மஞ்சள் கவர் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடிக்கொண்டிருந்தது. நான் தயங்கித் தயங்கி, மாப்பிள்ளை வீட்டில் அந்தப் போனை ஒப்புக்கொண்டார்களா என்று கேட்டேன். கோவிந்தன் குரலைத் தாழ்த்தினார். விடியற்காலையில் பஸ் ஏறி மெட்ராஸ் போய், பையன் வேலை பார்ப்பதாகச் சொன்ன கம்பெனி வாசலில் நின்றிருக்கிறார். வாட்ச்மேன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு, அந்தப் பெயரில் யாருமே இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

"நீ சொன்னியேன்னு நேர்லயே போய் விசாரிச்சுட்டேன். மாப்ளைக்கும் பில் இல்லம்மா."

வாரண்டி

கிரிவலப் பாதையில் இருக்கிற காவி கட்டிய சாமி ஒருவர். யாரோ பக்தர் கொடுத்த போன். பின்பக்கம் நாலு கேமரா இருந்தது. ஒன்றை மறைத்தேன், படம் இருட்டானது. மற்ற மூன்றையும் மறைத்தேன், படத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. நகத்தால் சுரண்டினால் மூன்றும் ஸ்டிக்கர். சாமியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சாமி, இது அசல் இல்லைங்க" என்று இழுத்தேன். அவர் கண்ணை மூடிச் சிரித்தார். கையைத் தூக்கி மலைப் பக்கம் காட்டினார்.

"இந்த உலகத்துல நாம பாக்கறது எல்லாமே போலிதான் தாயி. வாரண்டி இருக்குதான்னு பாரு."

பரிசு

ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அங்கே அறை கூட்டித் துடைக்கிறவள் பச்சையம்மா. அவளையும் ஒரு போனையும் மேனேஜர் கடைக்கு அழைத்து வந்தார். அழைத்து வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் அழுது முடித்திருந்தாள். குளிர்காலம் முழுக்க அங்கே தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள் என்று, ஊருக்குக் கிளம்பும்போது தன் போனை இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பச்சையம்மா சொன்னது இது. மேனேஜர் சொன்னது, "இவ்ளோ காஸ்ட்லி போனை எவளாவது சும்மா குடுப்பாளா மேடம்? நீங்க பாத்துச் சொல்லுங்க. டூப்ளிகேட்னா விட்டுடறேன். ஒரிஜினல்னா இவ திருடினதுதான். வேலைய விட்டு நிறுத்திட்டு ஸ்டேஷன்ல குடுத்துடுவேன்."

போனைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கண்ணாடியின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. பட்டனை அமுக்கினால் ஆடாமல், சத்தமில்லாமல் உள்ளே போனது. ஸ்க்ரூவின் தலை நட்சத்திரம். நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டால் அதே மாடல், அதே நிறம். என் வாழ்க்கையில் முதல் முறையாக, கடவுளே இது போலியாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பச்சையம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொய் சொன்னால் அவள் வேலை தப்பும். ஆனால் திருட்டுப் பட்டம் தப்பாது. போலியைத் திருடினாள் என்று ஆகும். அதனால் கடைசியாகப் பூட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். இந்த மாதிரி போனைத் திருடினால் பழைய ஆளின் கணக்கு அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் தன் பாஸ்வேர்டைப் போட்டு விட்டுக் கொடுக்காமல் அடுத்தவர் உபயோகிக்க முடியாது. இதில் பழைய கணக்கு சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தது. புதிதாகப் பச்சையம்மா பெயரிலேயே ஒரு கணக்கு. தமிழ் மொழி வைத்து, எழுத்தைப் பெரிசாக்கி, திரையில் அவள் பேத்தி படத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அந்த அம்மா போயிருக்கிறார்.

"ஒரிஜினல்தான். ஆனா திருட்டு இல்ல. உடைமைக்காரங்களே உக்காந்து மாத்திக் குடுத்திருக்காங்க" என்று மேனேஜருக்கு எடுத்துக் காட்டினேன். அவர் நம்ப மனசில்லாமல், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தன் சட்டைப் பையிலிருந்து அதே மாடல் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெரிய ஆளிடம் வாங்கியது என்றார். இரண்டையும் நானும் பார்த்தேன், ரஃபீக் பாயும் பார்த்தார். மேனேஜர் போனின் ஓரத்தில் கறுப்புக் கரை வேட்டிக் கரை அகலத்துக்கு இருந்தது. பட்டனைத் தொட்டால் கடகடவென்றது. ஒப்பிடச் சொன்னதற்காக, அவருடையதுதான் போலி என்று சொன்னேன். ரஃபீக் பாய் வெளியே போய் நின்றுகொண்டார், சிரிப்பதற்காக. பச்சையம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சாரு போனு எங்க எடுத்ததுன்னு யாருக்கா கேக்கறது?"

ஓட்டம்

அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் சேகர் வந்தபோது போனைக் கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். மகள் நன்றாக ஓடுவாள். மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்து, இப்போது வெளியூரில் விளையாட்டு விடுதியில் சேர்ந்துவிட்டாள். அவள் ஓடியதை இவரே மைதானத்து வேலியில் தொங்கிக்கொண்டு வீடியோ எடுத்திருக்கிறார். அதற்காகவே வாங்கின போன். தினமும் கடை திறக்கும் முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்ப்பாராம். இப்போது தொட்டால் கறுப்பாக வருகிறது.

சில போலிகளில் இது ஒரு கொடுமை. படமும் வீடியோவும் வைக்க ஒரு வீடு நிறைய இடம் இருப்பதாகக் காட்டும். உள்ளே இருப்பது ஒரு பீரோ அளவு. நிரம்பிவிட்டால் நிரம்பிவிட்டது என்று சொல்லாது. புதிதாக வருவதைப் பழையதன் மேலேயே எழுதிவிடும். பௌர்ணமிக் கூட்டத்தை, கடை வாசலில் வந்து நின்ற மாட்டை, மழையை எல்லாம் சேகர் எடுத்திருக்கிறார். அவை மகளின் மேல் எழுதப்பட்டுவிட்டன. எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பார்த்தேன். வராது என்று தெரிந்த பிறகும் இன்னும் இரண்டு தடவை பார்த்தேன், அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்ததால்.

கிடைத்தது ஒன்றுதான். ஒவ்வொரு வீடியோவுக்கும் அடையாளத்துக்காகப் போன் தானே ஒரு குட்டிப் படம் எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கும், தபால்தலை அளவு. அது அழியாமல் இருந்தது. ஓட்டம் ஆரம்பிக்கும் முன், கோட்டில் நின்றுகொண்டு வேலிப் பக்கம் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிற மகள். எதிர் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணி வாங்கினோம். கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் முகம் தெரிந்தது. சேகர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓடுகிறதைத்தானே கேட்டார், இதைக் கொடுக்கிறோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அதைச் சொல்லியும் விட்டேன்.

"பரவால்லம்மா. வீட்டுல இருந்தப்ப ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நின்னதில்ல அவ. இப்பதான் நிக்கிறா."

இத்தனை வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது, போலியை வைத்திருப்பவர்கள் அது அசல்தான் என்று என்னிடம் வாதாடுவார்கள், அசலை வைத்திருப்பவர்கள் கண்ணாடித் தடுப்பு வரைகூட வராமல் ரஃபீக் பாயிடம் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான்.